மரவீட்டுக்கு ஜெனரேட்டர் எதற்கு?

ஐயா,

சென்ற மாதம் சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலையில் ஒரு மரவீட்டில் இரண்டு இரவு தங்கினோம். கரண்ட் கிடையாது, செல்போனுக்கு டவரும் இல்லை. மூங்கில் ஏணி, இரண்டு அரிக்கேன் விளக்கு, ஒரு குடம் தண்ணீர். சின்ன வயதில் எங்கள் சோளக்காட்டில் அப்பா காவலுக்குக் கட்டிய பரண்தான் நினைவுக்கு வந்தது.

முதல் நாள் நடுச்சாமத்தில் மூங்கில் முறியும் சத்தம். வாசல்படியோரம் படுத்திருந்த ஊராளிப் பழங்குடிப் பெரியவர், "வெளக்க அமத்துங்க அம்மிணி, ஆனை வருது" என்றார். நிலா வெளிச்சத்தில் ஏழு உருப்படி. தாயின் வயிற்றடியில் ஒரு குட்டி, தும்பிக்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே போனது. மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பக்கத்து விடுதிக்கு ஒரு கும்பல் வந்தது. ஜெனரேட்டர், ஸ்பீக்கர், ஓடை வரைக்கும் அடிக்கும் ஃபோகஸ் லைட். விடியும்வரை ஓடைக்கு ஒரு மான்கூட வரவில்லை. பெரியவர் வாய் திறக்கவே இல்லை.

சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. வனவிலங்குகள் அடிபட்டுச் சாவதால்தான் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் பாதையில் 2022இல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சாலைக்கு உள்ள கட்டுப்பாடு விடுதிகளுக்கும் வேண்டாமா? காட்டோர விடுதிகளில் இரவு ஜெனரேட்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் வனத்துறை தடை போட வேண்டும். வழிகாட்டி வேலையை ஊராளி, சோளகர் மக்களுக்கே நல்ல கூலியோடு கொடுக்க வேண்டும். இந்தக் கோடைக்கு முன்பே செய்தால் நல்லது.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்