காவோலை வழியே ஏறும் தீ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். சாயல்குடி பக்கம் எங்கள் பனங்காட்டில் போன வாரம் தீ பிடித்தது, வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் பங்குனிக்குள் சருகாகிவிடும், ஓலை கழிக்காத பனையில் காவோலை, அதாவது காய்ந்த பழைய ஓலை, தரைவரை தொங்கும், அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும், தீ உச்சிக்கு ஏறிவிடும். பனைக்கு ஒரே குருத்து, அது வெந்தால் மரம் போச்சு. சீமைக் கருவேலமோ கருகிய தூரிலிருந்தே துளிர்க்கிறது! கலிபோர்னியாவின் சப்பாரல் புதர்க்காட்டிலும் இதே கதைதான்: பல பத்தாண்டுக்கு ஒருமுறை எரிந்தால் தாங்கும், அடிக்கடி எரிந்தால் புதர் அழிந்து வெளிநாட்டுப் புல்தான் மிஞ்சும். முன்பு பனையேறிகள் காவோலையைக் கழித்துவிடுவார்கள், வேலிக்கும் அடுப்புக்கும் ஆகும். இப்போது ஏற ஆளில்லை. கோடைக்கு முன்னால் ஊராட்சியே கூலி கொடுத்து ஓலை கழிக்கலாமே?

வாசகர், சாயல்குடி