தாடியை இப்போது எடுத்துவிடாதே

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று வீடியோவில் பேசும்போது பேச்சு உன் வேலை, வாடகை என்று எங்கெங்கோ போய்விட்டது. இரண்டு வாரமாக ஷேவ் செய்யவில்லை, அரிப்பு தாங்கவில்லை, வலது கன்னத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது, எடுத்துவிடப் போகிறேன் என்றாய். எடுக்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணத்தையும் எழுதிவிடுகிறேன், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்.

தாடி முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளரும். கணக்குப் போட்டால் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. உன் முகத்தில் இப்போது இருப்பது அரை செ.மீ. இருந்தால் அதிகம். இந்த நீளத்தில் முடி விறைத்து நிற்குமே தவிரப் படியாது. கன்னத்தில் முடி குறைவாக இருக்கிற இடத்தை மேலே இருக்கிற முடி வந்து மூட வேண்டும் என்றால், அது ஒன்றரை, இரண்டு செ.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் போனால் உனக்குத் திட்டாகத் தெரிவதில் பெரும்பகுதி தானாக மறைந்துவிடும். மறையாமல் கொஞ்சம் நிற்கவும் செய்யலாம். அதை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கலாம், இப்போது அல்ல.

எல்லா முடியும் ஒன்றாகக் கிளம்புவதும் இல்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்ச காலம் வளரும், கொஞ்ச காலம் சும்மா இருக்கும், அப்புறம் பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். நீ காலி என்று நினைக்கிற இடத்தில் சும்மா இருக்கிற மயிர்க்கால்கள் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு மீசையும் மோவாயும் முதலில் நிரம்பும், கன்னம் கடைசியில்தான் வரும். இடமும் வலமும் ஒரே மாதிரி வருகிற முகத்தை நான் பார்த்ததில்லை. உனக்கு வயது இருபத்து நான்கு. கன்னத்து முடி முப்பதை ஒட்டிக்கூட அடர்ந்துகொண்டு போவது சாதாரணம்.

கூட வேலை செய்கிற பையனுக்கு மூன்றே வாரத்தில் முகம் நிறைய வந்துவிட்டது என்று சொன்னபோது உன் குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்கு ராத்திரி முழுக்க மனசில் கிடந்தது. தாடி அடர்த்தியாக வந்தால் உடம்பில் ஏதோ கூடுதலாக இருக்கிறது, வராவிட்டால் ஏதோ குறை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பருவ வயதில் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றுவது டெஸ்டோஸ்டிரோனும், அதிலிருந்து உடம்பு உண்டாக்குகிற டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனும். அது சரி. ஆனால் இரத்தத்தில் அதே அளவு ஹார்மோன் ஓடுகிற இரண்டு பேரில் ஒருவருக்குக் காடு மாதிரி வரும், இன்னொருவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அந்த ஹார்மோன் சொல்வதை மயிர்க்கால் எவ்வளவு கேட்கிறது என்பதில்தான் வித்தியாசம், அது பரம்பரையாக வருவது. என் பக்கத்திலிருந்தும் வரும், அம்மா பக்கத்திலிருந்தும் வரும். இதில் நீ செய்ததும் இல்லை, செய்யத் தவறியதும் இல்லை.

ஒருமுறை மழுங்க மழித்துவிட்டால் அடுத்த தடவை அடர்த்தியாக வரும் என்று யாராவது சொல்வார்கள். அதையும் கேட்காதே. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்று அறிஞர் 1928-லேயே சில ஆண்களின் தாடியை மழித்து, அளந்து பார்த்துவிட்டு, மழிப்பதால் வேகமும் கூடவில்லை, தடிமனும் கூடவில்லை என்று எழுதிவிட்டார். கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கிற முடியை. வளர்ச்சி நடப்பதோ தோலுக்குக் கீழே. வெட்டாத முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். கைக்குச் சொரசொரவென்று படுவதால் தடித்துவிட்டதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அரிப்புக்கும் அந்த மொட்டை நுனிதான் காரணம். அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தால் தாள் குத்துமே, அதே கதைதான். கத்தி சாய்வாக வெட்டிவிட்ட முனை, குட்டையாக இருக்கும்வரை, பக்கத்துத் தோலைக் குத்திக்கொண்டே இருக்கும். முடி நீண்டு வளைய ஆரம்பித்ததும் குத்தல் குறைந்துவிடும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் அடங்கிவிடும். நீ இருப்பது சரியாக நடுவில். இப்போது மழித்தால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து இதே அரிப்பை அனுபவிக்க வேண்டும்.

அதுவரை சொறியாதே. நகம் பட்டால் தோல் புண்ணாகும், கொப்புளம் வரும். நீ குளியல் சோப்பையே முகத்துக்கும் போடுகிறவன், அதை முதலில் நிறுத்து. சோப்பு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையை வழித்து எடுத்துவிடும். வறண்ட தோலில்தான் முள் அதிகம் உறுத்தும். தினமும் தண்ணீரால் அலசு. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை மென்மையான ஃபேஸ்வாஷோ தாடிக்கென்றே விற்கிற கழுவியோ போதும். கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பாக இருந்தால் சரி. துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடு.

அப்புறம் எண்ணெய். தாடி எண்ணெய் தாடியை வளர்க்காது. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அது தோலுக்கானது, முடிக்கானது இரண்டாவதாகத்தான். தாடி நீளமாக ஆக, தோலில் சுரக்கிற எண்ணெய் நுனிவரை போய்ச் சேராது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இது. ஜோஜோபா எண்ணெய் நல்லது. அது உண்மையில் திரவமாக இருக்கிற ஒரு மெழுகு, நம் தோலில் சுரப்பதோடு ஓரளவு ஒத்துப்போகும். தேங்காய் எண்ணெய் சிலருடைய முகத்தில் துளைகளை அடைத்துப் பரு கிளப்பிவிடும். உனக்குப் பரு வருகிற முகம் என்பதால் அதைத் தலையோடு நிறுத்திக்கொள்.

போடுகிற விதம் முக்கியம். குளித்து ஒற்றி எடுத்த பிறகு, தாடியில் ஈரம் லேசாக இருக்கும்போது, உள்ளங்கையில் மூன்று சொட்டு விடு. இரண்டு கையையும் சேர்த்துத் தேய். முதலில் விரல் நுனிகளைத் தாடிக்குள் விட்டு, தோலில் படும்படி கீழிருந்து மேலாகத் தடவு. தாடைக்கு அடியில் மறக்காமல் போ, அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் கையில் மிச்சம் இருப்பதை மேலிருந்து கீழாக முடியின் மேல் தடவி, சீப்பால் படிய வாரிவிடு. முகம் பளபளவென்று மின்னினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், மறுநாள் ஒரு சொட்டைக் குறை. தினமும் வாரிக்கொண்டே இருந்தால் முடி ஒரு திசைக்குப் பழகும்.

ஒரு மாதம் எதையும் தொடாதே என்று சொல்கிறேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு, கழுத்து. தாடி பார்த்துப் பார்த்து வளர்த்ததாகத் தெரிவதும், கவனிக்காமல் விட்டதாகத் தெரிவதும் கழுத்துக் கோட்டில்தான். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அதை மட்டும் சுத்தம் செய். கண்ணாடியில் முகத்தை நேராக வை, தலையை அண்ணாந்துவிடாதே. குரல்வளை மேட்டின் மேல் இரண்டு விரலைப் படுக்க வை. அந்த விரல்களின் மேல் ஓரம்தான் உன் கோட்டின் அடிப்புள்ளி. அங்கிருந்து இரண்டு காதின் பின்பக்கத்தையும் நோக்கி மெதுவாக வளைந்து ஏறுகிற ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள். அதற்குக் கீழே இருப்பதை மட்டும் எடு. தாடை எலும்பை ஒட்டிக் கோடு போட்டுவிடாதே. நேராகப் பார்க்கும்போது அழகாகத் தெரியும், ஆனால் பேசும்போதும் குனியும்போதும் தாடி மோவாயில் ஒட்டவைத்தது போல நிற்கும், கழுத்துச் சதை தனியாகத் தொங்குவது போலத் தோன்றும். சந்தேகமாக இருந்தால் கோட்டை ஒரு விரல் கீழே தள்ளு. கீழே இருப்பதை நாளைக்கும் எடுக்கலாம், மேலே ஏற்றிவிட்டால் வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

கன்னத்தின் மேல்கோட்டை இயற்கை போட்டபடியே விட்டுவிடு. கோட்டைத் தாண்டித் தனியாக நிற்கிற முடிகளை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறேன் என்று ஆரம்பித்தால் அது கீழே இறங்கிக்கொண்டே போகும்.

ஆறு வாரம் ஆனதும் ட்ரிம்மரை எடு. உலர்ந்த தாடியில்தான் வெட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது முடி நீண்டு தொங்கும், காய்ந்ததும் சுருங்கி, நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். முதலில் நன்றாக வாரு. ட்ரிம்மர் முனையில் மாட்டுகிற சீப்பு மாதிரியான கார்டுகளில் (guard) இருக்கிறதிலேயே பெரியதை மாட்டி, முடி வளர்கிற திசையிலேயே ஓட்டு. 12 மி.மீ.யில் தொடங்கி, போதவில்லை என்றால் 10-க்கு இறங்கு. எடுத்த எடுப்பில் 3 மி.மீ. போட்டால் ஆறு வாரமும் ஒரே இழுப்பில் போய்விடும். காதோரக் கிருதாவை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கி, தலைமுடியோடு சேரும்படி செய்துகொள்.

உன் முகம் ஒல்லியானது. அதனால் கன்னத்தில் ஒட்ட வெட்டாதே, பக்கவாட்டில் கொஞ்சம் விடு. வட்ட முகக்காரர்களுக்குத்தான் பக்கத்தைக் குறைத்து மோவாயில் நீளம் விடுவது பொருந்தும். ஆபிரகாம் லிங்கன் 1860 தேர்தல் வரைக்கும் தாடி இல்லாமல்தான் இருந்தார். அந்த அக்டோபரில் கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, உங்கள் முகம் ரொம்ப மெலிந்திருக்கிறது, தாடி வைத்தால் நன்றாக இருப்பீர்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினாள். தேர்தலில் ஜெயித்து, 1861 பிப்ரவரியில் பதவியேற்க ரயிலில் போகும்போது வழியில் இறங்கி அவளைச் சந்தித்தார், தாடியோடு. அந்தப் பெண் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், நானும் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தாடிக்கு அடியில் மாவு மாதிரி உதிர்ந்தால் பொடுகு. தலைக்கு வருவதுதான் இங்கேயும் வரும், பொடுகு ஷாம்பு எதைப் போடலாம் என்று மருந்துக்கடையில் கேள். குறையாமல் சிவந்து செதில் செதிலாக வந்தால் தோல் மருத்துவரிடம் போ. திடீரென்று நாணயம் அளவுக்கு வழவழவென்று முடியே இல்லாத வட்டம் விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். பெயர்தான் புழு, புழுவெல்லாம் கிடையாது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதற்கும் மருத்துவர்தான், கையில் கிடைத்ததைத் தேய்க்காதே.

மினாக்ஸிடில் பற்றி விசாரித்தாய். அது முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, பிறகு தலைமுடிக்குப் பூசுவதற்கு வந்தது. தாடிக்கென்று அங்கீகாரம் பெற்றதல்ல. சிலருக்கு முடி வரத்தான் செய்கிறது, ஆனால் தோல் வறண்டு எரியலாம், படபடப்பு வரலாம். அதோடு உன் வீட்டில் பூனை இருக்கிறது. பூனைக்கு மினாக்ஸிடில் கொடிய விஷம், கொஞ்சம் பட்டு நக்கினாலே உயிருக்கு ஆபத்து. உன் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்குகிற பிராணி அது. உனக்கு இருக்கிற தாடிக்கு இந்த மருந்து தேவையும் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதே.

ஒரே ஒரு காரணத்துக்காக நீ மழித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் என்95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய முகமூடி போடுகிற வேலை வந்தால், முகமூடி ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவே முடி இருக்கக் கூடாது, இருந்தால் காற்று அந்த வழியாகக் கசியும். அப்போது தயங்காமல் எடுத்துவிடு. மூச்சு முக்கியம், தாடி திரும்ப வரும்.

ஒரு சின்னக் கத்தரியும் பல் அகலமான சீப்பும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கத்தரி மீசைக்கு. மீசையை நேராகக் கீழே வாரிவிட்டு, வாயை மூடி, உதட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, மேலுதட்டின் ஓரத்தைத் தாண்டுவதை மட்டும் நடுவிலிருந்து பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு. சிரித்துக்கொண்டு வெட்டினால் அளவு தப்பும். அந்தக் கத்தரியால் காகிதமோ பிளாஸ்டிக் உறையோ வெட்டாதே, முனை மழுங்கிப்போனால் முடியைப் பிடித்து இழுக்கும். பார்சல் வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா