பழைய கணக்கேடுகளை எரிக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நோம்பிக்கு முன்பு வந்த தங்கள் இதழில், வீட்டையும் பொது இடங்களையும் துப்புரவு செய்வது பற்றிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. ஊர்ச் சங்கங்களும் மன்றங்களும் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு நோட்டுகளையும் ரசீதுக் கட்டுகளையும் போகித் தீயில் போட்டுவிட்டு அலமாரியைக் காலி செய்துகொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளில் எனக்குக் குறையில்லை. அந்த வரியைப் படித்த பிறகு மனம் ஆறவில்லை. நம் பக்கத்தில் போகி நாள் வீட்டுக்கு வெள்ளையடித்து, வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டும் நாள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் எங்கள் ஊர் வாசகசாலைக்கு நான் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அது நிற்கும் இடத்தை 1970களில் ஊரார் பணம் திரட்டிக் கிரயம் வாங்கினார்கள். ஆனால் பத்திரம் சங்கத்தின் பெயரில் எழுதப்படாமல், அன்றைய செயலாளரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. அக்காலத்தில் பல ஊர்களில் இப்படித்தான் நடந்தது; யாருடைய மனத்திலும் கள்ளம் இல்லை. அவர் காலமாகி வெகுநாள் கழித்து, தார்ச்சாலை அகலமாகி இடத்தின் மதிப்பு ஏறியபோது, அது தங்கள் பாட்டனாரின் சொத்து என்று பேரன்கள் வந்து நின்றார்கள். பத்திரம் அவர்கள் பக்கம் பேசியது. எங்களிடம் இருந்தவை, இடம் வாங்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த தீர்மானப் புத்தகமும், வீடு வீடாக வசூலித்த ரசீதுகளின் அடிக்கட்டைகளும், கிரயத் தொகை சங்கப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டதைக் காட்டும் பேரேடும்தான். தீர்மானத்தின் அடியில் இருந்த பாட்டனாரின் கையெழுத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துச் சங்கத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் என்ற தங்கள் கணக்கை நாங்கள் பின்பற்றியிருந்தால், இன்று அந்த இடத்தில் வாசகசாலை இருந்திருக்காது.

பக்கத்து ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செயலாளர் வீடே அலுவலகமாக இருந்தது. அவர் மறைந்ததும் வீட்டார் விவரம் அறியாமல் எல்லா நோட்டுகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் பொறுப்பாளர்களை மாற்றுவதற்குப் பொதுக்குழுத் தீர்மானமும் பதிவுச் சான்றும் துணை விதிகளும் வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், கொடுப்பதற்குத்தான் எதுவும் இல்லை. பத்து ஆண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். பிறகும் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்றாலும், கேட்பவர் யார் என்று காட்ட அதே தாள்கள்தானே வேண்டும்?

சட்டமும் தங்கள் கட்டுரை சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம் ஆண்டுதோறும் தன் கணக்கையும் நிர்வாகிகள் விவரத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இடையில் விட்டுப்போன ஆண்டுகளைச் சரிசெய்யப் போகிறவர்களுக்குப் பழைய நோட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ பிரிவில் வரிவிலக்குக்கான பதிவு பெற்று, வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டிய அமைப்புகளுக்காக 2022 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 17ஏஏ விதி, கணக்கேடுகள், ரசீது நகல்கள், செலவுச் சீட்டுகள், நன்கொடையாளர் விவரங்கள் ஆகியவற்றை உரிய மதிப்பீட்டு ஆண்டு (வரி கணக்கிடும் ஆண்டு) முடிந்து 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. சங்கத்தின் பதிவுச் சான்று, திருத்தங்களுடன் கூடிய துணை விதிகள், தீர்மானப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, சொத்துப் பத்திரங்கள், தணிக்கை அறிக்கைகள் ஆகியவற்றுக்குக் கால வரம்பே வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அழைப்பிதழ்களையும் விளம்பரத் துண்டுகளையும் யார் வேண்டுமானாலும் எரித்துக்கொள்ளட்டும்.

இளைஞர்கள் எல்லாவற்றையும் கைபேசியில் வைத்திருக்கிறார்கள் என்று சில மாதங்களுக்கு முன் தாங்களே பாராட்டி எழுதியிருந்தீர்கள். கணக்கு ஒரே பையனின் கைபேசியில் இருந்து, அவன் வேலைக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் சங்கத்தின் கதி என்ன? கடையில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது என்பதையும், வாங்கிய அன்றே அதை நகலெடுத்து ஒட்டிவைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யார் சொல்வது? அப்போதே இதை எழுதித் தங்களுக்கு அனுப்பினேன், வெளிவரவில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் அகழாய்வில் பழங்காலப் பானையோட்டில் கீறிய பெயர்கள் கிடைத்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பெருமையுடன் வெளியிடும் தாங்கள், நம் ஊரார் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்ட ஏடுகளை நெருப்பில் போடச் சொன்னதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடவும், எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தணிக்கையாளரிடம் கேட்டு அரைப்பக்கம் ஒதுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் அது வந்தால், சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் செயலாளர், ஊர் வாசகசாலை,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்