இரவு ஷிப்டுக்கு இன்னொரு நர்ஸ்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சென்ற மாதம் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல் போனதைத் தாங்கள் அறிவீர்கள். தாய் பிழைத்துக்கொண்டார், கர்ப்பப்பையைத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்சுக்குக் 'கவனக்குறைவு' என்று மெமோவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இரவில் கவனிக்க எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒருவர்தான். எனவே எங்கள் கோரிக்கையும் ஒன்றுதான்: பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு ஷிப்டுக்கு இரண்டாவது நர்ஸ் வேண்டும்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகான இரண்டு மணி நேரம்தான் ஆபத்தானது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை அடைப்பது கர்ப்பப்பைத் தசையின் இறுக்கம்தான். அதனால்தான் கால் மணிக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், உதிரப்போக்கு, சிறுநீர்ப்பை எல்லாம் பார்த்து, தொப்புளுக்குக் கீழே கை வைத்துக் கர்ப்பப்பை தேங்காய்போல் கெட்டியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் எட்டு முறை.

அதே நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கு வலி முற்றிவிட்டால்? முக்கும் கட்டத்தில் குழந்தையின் இதயத்துடிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டும். தலை தெரியும்போது அங்கிருந்து நகரவே முடியாது. பிறந்த குழந்தையைத் துடைத்து, எடை பார்த்து, வைட்டமின் கே ஊசி போட்டு, மார்பில் சேர்க்க வேண்டும். முதல் தாயின் எட்டு முறையில் எத்தனை நடக்கும்? விடிந்ததும் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்: எட்டு வரியிலும் 110/70, நாடி 84. ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதியது. கையெழுத்துப் போடும் மேலதிகாரிக்கும் இது தெரியும்.

உதிரப்போக்கு எப்போதும் பீறிட்டு வருவதில்லை. சொட்டுச் சொட்டாக இடுப்புக்கடியில் போட்ட துணியில் ஊறும். சில சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கட்டிகட்டியாகச் சேர்ந்து கர்ப்பப்பை மேலே ஏறியிருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சுருங்க வேண்டியதும் சுருங்காது. "மயக்கமா வருதுக்கா" என்று அவள் சொன்னால், துணைக்கு வந்த பெரியம்மா "பெத்த அசதிம்மா, கண்ண மூடிப் படு" என்பார். நாடிதான் முதலில் ஏறும்; ரத்த அழுத்தம் இறங்கும்போது நிறையப் போயிருக்கும். 500 மி.லி. வரை காத்திருக்க வேண்டாம், 300 தாண்டி நாடி 100க்கு மேல் போனாலே சிகிச்சையைத் தொடங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொல்லிவிட்டது. ரத்தசோகையோடு வரும் நம் மலைக்கிராமத்துப் பெண்களுக்கு அந்த 300 மி.லி.யே அதிகம்.

கண்டுபிடித்தாலும் ஒரு ஆளால் ஆவதில்லை. ஒரு கை கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பில் ஊசி ஏற்றி, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப் போட வேண்டும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள், பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டு, கிழிசல் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். 108ஐக் கூப்பிட வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வயிற்றில் இருந்து கையை எடுக்காமல் இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் அனுப்பி வையுங்கள், நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. அளவுக்கோடு போட்ட விரிப்பால் ரத்தத்தை அளந்து, மேற்சொன்னதை எல்லாம் ஒரே தொகுப்பாகச் செய்ததில் கடும் பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. அந்த விரிப்பை நமக்கும் வாங்கித் தரலாம். கோட்டைப் பார்க்கக் கண் வேண்டுமே?

ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் கரண்ட் போனால், தண்ணீர் பாட்டிலோடும் சாப்பாட்டு டப்பாவோடும் ஒரே பிரிட்ஜில் கிடக்கும் அந்த மருந்து என்ன பதத்தில் இருக்கும் என்பதை விசாரணைக் குழு விசாரித்ததாகத் தெரியவில்லை. தரச்சான்று ஆய்வு என்றால் மட்டும் முதல் நாளே சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் பூந்தொட்டி வந்துவிடுகிறது. வங்காளத்தில் இருந்தும் ஜார்கண்டில் இருந்தும் வைத்தியத்துக்காக ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பீஞ்சமந்தை மலைக்கிராமத்தில் இருந்து இறங்கி வருகிறவளுக்கு, பிள்ளை பெற்ற இரவில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லை. பூந்தொட்டிக்கு எந்தத் தலைப்பில் நிதி வருகிறதோ அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. மூன்று ஷிப்டுக்கு மூன்று நர்ஸ் என்ற கணக்கில் விடுப்புக்கும் இடமில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பிரசவம் ஆவதற்கும் இடமில்லை. எல்லா நிலையங்களுக்கும் இப்போதே முடியாதென்றால், மலையடிவாரத்திலும் பிரசவம் அதிகம் நடக்கும் இடங்களிலும் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இரண்டாவது நர்சை முதலில் நியமியுங்கள். மருந்துக்குத் தனி பிரிட்ஜும் இன்வெர்ட்டரும் கொடுங்கள். அந்த மெமோவை மறுபரிசீலனை செய்யுங்கள். விசாரணை அறிக்கையில் அன்றைய டியூட்டி சார்ட்டையும் சேர்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
வேலூர் மாவட்டப் பிரசவ அறைகளில் பணிபுரியும், பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர்கள்