தடயவியல் படிப்பு: பென் டிரைவைச் செருகுவதிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை விளம்பரங்களில் 'டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ்' (கணினி, செல்போன் போன்றவற்றில் தடயம் தேடும் மின்னணுத் தடயவியல்) என்ற பெயர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தேவை நிஜம்தான். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு வைக்கும் சான்றிதழை இரண்டு பகுதியாக்கிவிட்டது. முதல் பகுதியில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, இரண்டாவதில் வல்லுநர் கையெழுத்து. ஹேஷ் மதிப்பையும் (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்; தரவு துளி மாறினாலும் இதுவும் மாறும்), அதை எந்த முறையில் எடுத்தார்கள் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)-ஆவது பிரிவு. அதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆக, ஆள் வேண்டும். மூன்று வருடம் ஹேக்கிங் வகைகளை மனப்பாடம் செய்து, கடைசிப் பருவத்தில் ஒரு மென்பொருளை ஓட்டிக் காட்டிவிட்டு வருகிற ஆளால் இந்த வேலை நடக்காது.

முதல் வாரத்திலேயே மாணவர்களை இதைச் செய்யச் சொல்லலாம். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ரைட் பிளாக்கர் (டிரைவில் கணினி எதையும் எழுதாமல் தடுக்கும் கருவி) வழியாக இணைத்து, இமேஜ் (டிரைவின் அச்சு அசலான முழு நகல்) எடுத்து, முழு டிரைவுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹேஷ் போட வேண்டும். வினாடிக்கு 25 எம்பி வேகத்தில் படித்தால் பதினோரு நிமிடம் பிடிக்கும். பிறகு அதே டிரைவைச் சாதாரண விண்டோஸ் கணினியில் நேரடியாகச் செருகி, ஒரு படத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, முறையாக எஜெக்ட் செய்து, மறுபடி பிளாக்கர் வழியாக ஹேஷ் எடுக்க வேண்டும். மதிப்பு வேறாக வரும். யாரும் எதையும் அழிக்கவில்லை, சேர்க்கவுமில்லை. விண்டோஸ்தான் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரைத் தானாக எழுதியிருக்கும். படத்தைக் கடைசியாகத் திறந்த தேதியும் மாறியிருக்கலாம். இரண்டு இமேஜையும் ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த செக்டர் (டிரைவின் சிறு பகுதி) மாறியது, ஏன் மாறியது என்று மாணவரே தேடி எழுதட்டும். 'சும்மா திறந்துதான் பார்த்தோம்' என்ற பேச்சு சாட்சியத்தை என்ன செய்யும் என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

அடுத்து, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்கில் அழித்த கோப்பை மீட்டுப் பழகியவர்கள் இதில் ஏமாந்து போவார்கள். 'அழித்த இடம் இனி வேண்டாம்' என்று கணினி டிஸ்குக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை போன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். ரைட் பிளாக்கர் இருந்தாலும், மின்சாரம் கிடைத்ததும் டிஸ்குக்குள் இருக்கிற கன்ட்ரோலர் தன் துப்புரவு வேலையைத் தொடரும். எது கிடைக்காது என்று அறிக்கையில் எழுதவும் பயிற்சி வேண்டும்.

உள்ளூர் வழக்குகளில் அதிகம் வரக்கூடியது சிசிடிவி. மாசி வீதியில் ஒரு கடையின் டிவிஆரை (கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) வைத்துக்கொண்டு யோசிப்போம். கேமராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் என்றால், நாலு கேமரா சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிபி எழுதும். 1 டிபி டிஸ்க் பன்னிரண்டாம் நாளே பழைய பதிவின் மேல் எழுத ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் எங்கோ பழைய தேதிக்குப் போய் நிற்கும். அதனால் டிவிஆரின் வயரைப் பிடுங்குவதற்கு முன், திரையில் ஓடும் நேரத்தையும் செல்போன் நெட்வொர்க் நேரத்தையும் ஒரே போட்டோவில் பிடித்து, வித்தியாசம் எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று மகஜரில் (கைப்பற்றிய பொருள் பற்றிய பதிவு) எழுத வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால் மொத்தப் பதிவின் நேரமும் கேள்விக்குள்ளாகும். வாட்ஸ்ஆப் டேட்டாபேஸிலும் இதே வம்பு உண்டு. நேரம் அங்கே 1970 ஜனவரி 1 முதல் மில்லிவினாடிக் கணக்கில், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கிடக்கும். இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் இரவு 11 மணிக்குப் போன செய்தி மாலை 5.30 ஆகிவிடும்.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காத ஒன்று தமிழ். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் பயிற்சிக்கென்று இலவசமாகத் தரும் இமேஜ்கள் நல்லவைதான். ஆனால் நம் ஊர் டிடிபி சென்டர் கணினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு இருக்கும். திரையில் 'பணம்' என்று தெரிவது உள்ளே ஜி, இசட், கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். யூனிகோடில் 'பணம்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது. 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை போய்விடும். யூனிகோடுக்குள்ளேயே 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே எண்ணாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு எண்ணாகவோ. தேடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் 'கொடு' என்ற சொல் சில இடங்களில் தப்பிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்கள் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவதைச் சொல்லவே வேண்டாம். இதற்கான சொற்பட்டியலும் சிறு நிரல்களும் உருவாக்குவது முதுகலை மாணவர்களுக்கு அருமையான ஆய்வுத் தலைப்பு. தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கிற மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

செலவைக் காரணம் காட்ட வேண்டாம். ஆட்டாப்சி, எஃப்டிகே இமேஜர், வொலட்டிலிட்டி ஆகிய மூன்று தடயவியல் மென்பொருள்களும் இலவசம். ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கும் காசில் குறைந்தது இரண்டு ரைட் பிளாக்கராவது வாங்கிவிடலாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் மாணவர்களே கற்பனைப் பெயர்களில் உரையாடல்களை உருவாக்கி, அதையே தடயமாக்கலாம்; நிஜ மனிதர்களின் தரவைத் தொடவே கூடாது. போனுக்குச் சிக்னல் போகாமல் தடுக்கும் ஃபாரடே பை வாங்கினால், உள்ளே ஒரு போனை வைத்து அழைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். பைக்குள் டவரைத் தேடித் தேடி சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் பவர் பேங்கையும் சேர்த்து வைக்க வேண்டும். போன் அணைந்துவிட்டால் பூட்டைத் திறக்கும் சாவிகள் நினைவகத்திலிருந்து போய்விடும். பிறகு எடுக்க முடிவது சொற்பமே.

தேர்வு முறையும் மாற வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் சாட்சி சொல்ல வேண்டியவருக்கு ஆங்கிலத்தில் மூன்று மணி நேரம் எழுத்துத் தேர்வு மட்டும் வைப்பது எதற்கு? இறுதித் தேர்வில் ஒரு மூடிய உறையையும் 32 ஜிபி பென் டிரைவையும் கொடுத்து, இரண்டு நாளில் தமிழில் அறிக்கை கேட்கலாம். மூன்றாம் நாள் மாணவரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை நடத்த, உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற ஊரில் வழக்கறிஞர்களுக்கா பஞ்சம்? வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: 'உறையைப் பிரித்த நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீர்கள்?'

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.