மழைநீர்த் தொட்டியும் மாணவர் ஆய்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டர்பன் பகுதிக் கோயில்களிலும் பள்ளிகளிலும் மழைநீர்த் தொட்டி அமைத்துத் தரும் பொறியியல் மாணவரைப் பற்றிய செய்தியைப் படித்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அவ்வூர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இந்தத் தொண்டின் அருமையை அங்குள்ளவர்களிடம் சொல்லவே வேண்டாம். ஆனால் இதையே ஆய்வாகவும் தொழிலாகவும் வளர்க்க நினைக்கும் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை நீர்த்துறையில் இருப்பவர்கள் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு முதல் மழைநீரை ஒதுக்கும் குழாயில்தான். கூரையில் படிந்த புழுதியும் பறவை எச்சமும் தொட்டிக்குள் போகாமலிருக்க, ஒரு சதுர மீட்டர் கூரைக்குக் குறைந்தது அரை லிட்டர் நீரைத் தள்ளிவிட வேண்டும். 60 சதுர மீட்டர் கூரைக்கு 30 லிட்டர். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் எட்டரை லிட்டர்தான் பிடிக்கும். ஆக மூன்றரை மீட்டர் நீளம் தேவை. வீட்டுச் சுவரோ இரண்டரை மீட்டரைத் தாண்டாது. அதனால் ஒரு மீட்டர் குழாயைச் செங்குத்தாக மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். இரண்டு குழாய்களை அருகருகே இணைக்கலாம், அல்லது 50 லிட்டர் டிரம் ஒன்றை வைக்கலாம். குழாயின் அடியில் நீர் சொட்டுச் சொட்டாக வடிய விடும் சிறு துளை, இலைச்சருகால் அடைபடும். அடைபட்டால் குழாய் நிரம்பியபடியே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தொட்டிக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

5,000 லிட்டர் தண்ணீர் 5 டன் எடை. செங்கல்லை அடுக்கி அதன்மேல் தொட்டியை வைத்தால், மண் நனைந்ததும் ஒருபக்கம் இறங்கும், இணைப்புக் குழாய் முறியும். மண்ணை இடித்து இறுக்கி, சமமான கான்கிரீட் தளம் போட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் துளையிடவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. நார்த்தூசி மூச்சுக்குழலில் போவதுதான் ஆபத்து. நகராட்சிக் குழாயிலிருந்து தொட்டியை நிரப்புவதானால் குழாய் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இடைவெளி கட்டாயம். இல்லையேல் அழுத்தம் குறையும்போது தொட்டி நீர் ஊர்க்குழாய்க்குள் இழுக்கப்படும்.

குடிக்கும் நீரை மட்டும் தனியே எடுத்துச் சுத்தம் செய்தால் போதும், தொட்டி முழுவதும் குளோரின் கொட்டுவது வீண். 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு தேக்கரண்டி கலந்து, இரண்டு மணி நேரம் விட வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு வடிகட்ட வேண்டும். கலங்கலே குளோரினைத் தின்றுவிடும்.

இனி ஆய்வு. வீடு வீடாகச் சென்று நீர் மாதிரி எடுத்துக் கேள்வி கேட்பதற்கு முன்பே பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதலில் தொண்டாகத் தொடங்கிப் பிறகு அனுமதி கேட்பவர்கள், அதுவரை சேர்த்த தரவை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் நிற்கிறார்கள். மாதிரியைக் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குடிநீர்த் தரப்படி 100 மில்லிலிட்டரில், மலக்கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலி ஒன்று கூட இருக்கக் கூடாது.

புதிய கருவி ஏதும் உருவானால் இன்னும் கவனம் தேவை. அரசு நிதியில் நடக்கும் ஆய்வில் பிறக்கும் கண்டுபிடிப்பு, தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு 51ஆம் எண் சட்டப்படி பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கே உரியது. கண்டறிந்த 90 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்க வேண்டும். அதற்கு வரும் வருமானத்தில் முதல் பத்து லட்சம் ராண்ட் வரை குறைந்தது 20 விழுக்காடு கண்டுபிடித்தவர்களுக்குச் சேரும். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கருவியின் அமைப்பை விழாவிலோ நாளிதழிலோ விளக்கிவிட்டால் அந்த உரிமை போயிற்று. அறியாத மாணவர்கள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள்.

தொட்டி விற்பதில் மாணவருக்குத் தொழில் இல்லை. ஹார்டுவேர் கடைகள் அதைச் செய்கின்றன. பராமரிப்பில் இருக்கிறது. கோடைமழை தொடங்குமுன், செப்டம்பரில் வந்து சொட்டுத் துளையின் அடைப்பைக் குத்தி எடுத்து, சருகைத் தடுக்கும் வலையைக் கழுவி, அடிச்சேற்றை வெளியேற்றி, நீரைச் சோதித்துத் தரும் ஆண்டு ஒப்பந்தம் நிலைத்து நிற்கும் வருமானம். அந்தச் சோதனை முடிவுகளே ஆண்டுதோறும் ஆய்வுக்குத் தரவாகும்.

எனவே தொட்டியைப் பெறும் கோயில், பள்ளி நிர்வாகிகளிடம் எங்கள் வேண்டுகோள்: மாணவர் பட்டம் பெற்றுப் போன பிறகு அதை யார் பார்ப்பார்கள் என்று திறப்பு விழாவுக்கு முன்பே கேளுங்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தொட்டியின் மேலேயே பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீர்த்துறைப் பொறியாளர்கள் சிலர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா