கேட்டது பாலை, பதில் வந்தது முட்டைக்கு: பெங்களூரு பேக்கரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு பேக்கரி உரிமையாளர்களுக்கும், வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

"பால் சேர்க்காத கேக் கிடைக்குமா?"

"எக்லெஸ் இருக்கு, தரட்டுமா?"

இந்த ஊரில் கடைக்குக் கடை நடக்கும் பேச்சு இது. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு இப்படித்தான் கேக் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட, பால் ஒவ்வாத விருந்தாளிப் பிள்ளைக்கு உதடு வீங்கி, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டது. கடையின் பெயரைச் சொல்லி யாரையும் தலைகுனிய வைப்பது எங்கள் நோக்கமல்ல. ஆனால் கோபம் இல்லை என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

எக்லெஸ் கேக்கில் முட்டைக்குப் பதில் எதைச் சேர்க்கிறீர்கள் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால் பவுடர். முட்டை அடித்துச் செய்த வெறும் ஸ்பான்ஜைவிட அதில்தான் பால் கூடுதல். பால் ஒவ்வாத பிள்ளைக்குக் கடையிலேயே ஆபத்து அதிகமான கேக்கைத் தேடி எடுத்துக் கொடுக்கிறீர்கள். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் இதற்கு உதவாது. அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது, பாலும் சைவம்தான்.

கிரீம் விஷயம் இன்னும் மோசம். டப்பாவின் முகப்பில் 'நான் டெய்ரி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் தாவர எண்ணெய், சர்க்கரைக்குப் பிறகு பொடி எழுத்தில் 'சோடியம் கேசினேட்' என்று வரும். அது பாலிலிருந்து எடுத்த புரதம். பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின்தான். ஓவன் சூட்டுக்கு அது அழிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 'லாக்டோஸ் ஃப்ரீ பால்தான் ஊற்றினோம்' என்ற சமாதானமும் செல்லாது. லாக்டோஸ் பாலில் இருக்கும் சர்க்கரை, ஒவ்வாமை புரதத்துக்கு. நெய்யிலும் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பால் இல்லாமல் கேக் வராது என்று சொல்லாதீர்கள். மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், வெறும் கோகோ பவுடர் 20 கிராம், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இதில் எண்ணெய் 75 மில்லி, வினிகர் 15 மில்லி, தண்ணீர் 240 மில்லி ஊற்றிக் கலந்து, 8 அங்குல டின்னில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வைத்தால் மெத்தென்று வரும். வினிகர் சேர்ந்ததும் சோடா பொங்கத் தொடங்கிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் காற்று இறங்கி கேக் அமுங்கிவிடும். கோகோவுக்குப் பதில் டிரிங்கிங் சாக்லேட் போட்டால் பால் பவுடர் உள்ளே வந்துவிடலாம். வேறு கேக்கில் வெண்ணெய் 100 கிராம் என்றிருந்தால் எண்ணெய் 80 கிராமும் தண்ணீர் 15 மில்லியும் போதும். சோயா பாலோ பாதாம் பாலோ ஊற்றுவதாக இருந்தால், அவையும் அந்தப் பிள்ளைக்கு ஆகுமா என்று முதலில் கேளுங்கள்.

இதை எல்லாம் சரியாகச் செய்த பிறகும் சல்லடை காலை வாரிவிடும். நேற்று பால் பவுடரும் மைதாவும் சேர்த்துச் சலித்த அதே சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பி வலை விளிம்பில் மடங்கும் இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். தட்டி உதறினால் அது போகாது. வெண்ணெய் தடவும் பிரஷ்ஷும் அப்படித்தான். இந்த இரண்டையும் தனியாகவே வைத்துக்கொள்வது நல்லது. மற்ற பாத்திரங்களைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசர் கிருமிக்குத்தான், பால் புரதத்தை அது எடுக்காது. காலையில் பால் பவுடர் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே இந்த கேக்கைச் செய்து, ஓவனின் மேல் தட்டில் வைத்து, ஆறியதும் மூடிவிடுங்கள். பட்டர் கிரீம் வெட்டிய கத்தி அதன் பக்கமே வரக் கூடாது.

சட்டமும் எங்களைக் கைவிட்டுவிட்டது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைப்படி, பாக்கெட்டில் அடைத்த பண்டத்தில் பால் இருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று குறிப்பிட்டாக வேண்டும். பரிமாறும் கடைகளில் அந்தக் கட்டாயம் மத்திய உரிமம் பெற்றவர்களுக்கும், பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். தெருமுனைப் பேக்கரியின் கண்ணாடி அலமாரி அதற்குள் வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து உதிரி இனிப்புத் தட்டில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். தேதிக்கு இடம் இருந்த தட்டில் 'பால்' என்ற இரண்டெழுத்துக்கு இடம் இருக்காதா? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் இதைப் படித்தால் பதில் சொல்லட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பாலைப் பற்றிக் கேட்டால் பாலைப் பற்றிச் சொல்லுங்கள். அலமாரியில் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் 'பால் உண்டு' அல்லது 'பால் சேர்க்கவில்லை' என்று ஒரு அட்டை வையுங்கள். கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்குத் தெரியவில்லை என்றால், "உள்ளே கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்குங்கள். "எங்க கிச்சன்ல முடியாதுங்க" என்று நேராகச் சொன்னாலும் வருத்தப்பட மாட்டோம். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவோம். எக்லெஸ்ஸை மட்டும் எடுத்து நீட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பால் ஒவ்வாத பிள்ளைகளின் பெற்றோர்,
பெங்களூரு